தாம்பூலப் பையில் ஒரு நீல டப்பா

அத்தியாயம் 9

பூர்ணாவைக் காணோம் என்று தெரிந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. ஹைதராபாத்தில் யாப்ரால் பக்கத்து கிரீன் மந்தாரா வில்லாக்களின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் எழுநூற்றுச் சொச்சம் செய்திகள் வந்து குவிந்திருந்தன. பாதிக்கு மேல் கும்பிடு போடும் பொம்மைக் கைகள். நூற்றிருபது வீட்டில் ஒருவராவது செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கி அந்தப் பதினேழு வயதுப் பெண்ணைத் தேடினார்களா என்றால், இல்லை.

சாருலதாவுக்கு அது முதல் எரிச்சல். இரண்டாவது எரிச்சல் எதிர் சோபாவில் உட்கார்ந்திருந்தது. பழனிசாமி. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ஒரே ஒரு போர் வண்டியோடு ஹைதராபாத் வந்தவர். இருபது வருஷம் ஊரைச் சுற்றித் தரையைத் துளைத்துத் துளைத்து, இன்று முப்பது வண்டிக்கும் நாலைந்து மனைப் பிரிவுக்கும் சொந்தக்காரர். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. காணாமல் போன பூர்ணா ஒரே மகள்.

"ஏனுங் அம்மிணி, எம்பட புள்ளைய எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். போலீசு கீலீசுன்னு போவாம கமுக்கமா முடிச்சுக் குடுப்பீங்கன்னுதானுங்க உங்களக் கூப்புட்டது."

"ஏன் போலீஸ் வேண்டாம்?"

"பொட்டப்புள்ளைங்க. நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேச மாட்டாங்களா?"

கேள்வி முடியும் முன்பே பதிலைத் தயாராக வைத்திருப்பவர்களைச் சாருலதாவுக்குப் பிடிக்காது. நாற்பத்தாறு வயதில் அவள் பார்க்காத அப்பாக்கள் இல்லை. செகந்திராபாத் ஸ்டேஷனில் ரயில்வே பாதுகாப்புப் படையில் பதினோரு வருஷம் இருந்தவள். பத்து பிளாட்பாரத் தூண்களிலும் 'காணவில்லை' நோட்டீஸ் ஒட்டிய கை அவளுடையது. பணக்கார வீட்டுப் பிள்ளையின் நோட்டீஸ் கலர் பேப்பரில் வரும், ஒட்டும் முன்பே பிள்ளை கிடைத்துவிடும். ஏழை வீட்டு நோட்டீஸ் ஒரே வாரத்தில் கிழிந்து, அதன் மேல் மூட்டு வலித் தைல விளம்பரம் ஏறிவிடும். அந்தக் கோபத்தோடுதான் வேலையை விட்டுத் துப்பறியும் ஏஜென்சி ஆரம்பித்தாள். கோபம் இன்னும் குறையவில்லை.

"ரூமைப் பாக்கலாமா மேடம்?" என்றான் அவள் உதவியாளன் செல்வா.

முழுப் பெயர் தமிழ்ச்செல்வன். லோத்குண்டாவில் பிறந்து, தெலுங்கிலும் இங்கிலீஷிலும் படித்து, ஹைதராபாத் ஹிந்தியில் சண்டை போடுகிற முப்பத்தைந்து வயது ஆள். தமிழ் பேசுவான், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. 'பேர் வைக்கறப்ப எங்கப்பா என்னைக் கேக்கல மேடம்' என்பது அவன் கட்சி.

பூர்ணாவின் அறையில் போன் சார்ஜரில் கிடந்தது. கழற்றி வைத்த தங்கச் சங்கிலி கண்ணாடி முன் கிடந்தது. லேப்டாப் மேஜை மேல் இருந்தது. சாருலதா இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு இல்லாததைத் தேடினாள். சுவரில் மாட்டியிருந்த போட்டோவில் பூர்ணா வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள், பல்லில் கம்பி.

"கிளிப் இன்னும் போட்டிருக்காளா?"

"அத எடுத்து நாலு மாசமாச்சுங்க. இப்ப ராத்திரிக்கு மட்டும் ஒண்ணு மாட்டிக்கோணும். மாட்டாமப் படுத்தா பல்லு மறுக்காக் கோணிக்குமாம். அதுக்குன்னு ஒரு நீல டப்பா இருக்குதுங்க."

வாஷ்பேசின் மேல் பிரஷ் இருந்தது, பேஸ்ட் இருந்தது. நீல டப்பா இல்லை.

"பழனிசாமி சார், உங்க பொண்ணை யாரும் தூக்கிட்டுப் போகல. அவளா நடந்து போயிருக்கா. போனையும் நகையையும் விட்டுட்டு, பல்லு கோணிடக் கூடாதுன்னு டப்பாவை எடுத்துக்கிட்டுப் போயிருக்கா."

"ஹவ் மேடம்," என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டான் செல்வா. "கடத்தறவன் பல் டாக்டரா இருந்தாத்தான் உண்டு."

பழனிசாமி சிரிக்கவில்லை. "மெயின் கேட்டு கேமராவ மூணு வாட்டி ஓட்டிப் பாத்தாச்சுங்க. எம்பட புள்ள அதுல இல்லவே இல்ல."

"இன்னொரு கேட் இருக்கே?"

"அது வேலக்காரங்க போறதுங்க. அதுல எதுக்கு எம்பட புள்ள போறா?"

சாருலதா அந்த கேட்டைப் பார்க்கப் படியிறங்கினாள்.

*

வேலைக்காரர்கள் கேட்டில் காவல் இருந்தவன் பெயர் சாய்குமார். அவன் தெலுங்கில் மூச்சு விடாமல் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வேலைக்கு வருகிற பெண்கள் தங்களுடைய நாலு இலக்க நம்பரைச் சொல்ல வேண்டும். இவன் டேப்லட்டில் அமுக்குவான். திரும்பப் போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். பைக்குள் இருப்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே விடுவான். அசோசியேஷன் உத்தரவு.

"மூஞ்சியைப் போட்டோ எடுக்க மாட்டியா?"

சாய்குமார் அவளை விநோதமாகப் பார்த்தான். "மூஞ்சி எதுக்கு மேடம்? மூஞ்சியில எதைத் திருடிட்டுப் போயிடுவாங்க?"

சாருலதாவுக்குச் சுருக்கென்றது. ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தன. ஒன்றில்கூட மனித முகம் கிடையாது. இந்த வில்லாக்காரர்களுக்குக் காணாமல் போகக்கூடிய பொருள் என்றால் அது வீட்டுக்குள்ளிருந்து பைக்குள் போவது மட்டும்தான். பெற்ற பெண்ணே அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போவாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு இருவரும் முந்தாநாள் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். அரைச் சுரைக்காய். ஐஸ்கிரீம் டப்பாவில் நேற்றைய பிரியாணி. ஈர ரவிக்கை. மூட்டு வலித் தைலம். மறுபடி மூட்டு வலித் தைலம்.

"மேடம், இங்க வேலை செய்யறவங்க முட்டி பூரா போச்சு போல."

"நூற்றிருபது வீட்டுத் தரை செல்வா. பேசாம பாரு."

பன்னிரண்டு பத்துக்கு 'சுஷ்மா, வில்லா 41'. பழனிசாமி வீட்டு இப்போதைய சமையல்காரி. பையில் ஒரு குடை. அடுத்து யார் யாரோ. பன்னிரண்டு நாற்பதுக்கு மறுபடி 'சுஷ்மா, வில்லா 41'.

"நில்லு. நடுவுல உள்ள வந்தாளா?"

செல்வா தேடினான். "நக்கோ. உள்ள வரல. ஒரு தடவை உள்ள வந்துட்டு ரெண்டு தடவை வெளிய போயிருக்கா. இந்த வித்தையை எனக்கும் கத்துக் குடுத்தா நல்லாருக்கும்."

இரண்டாவது சுஷ்மாவின் பை துணிப்பை. உள்ளே மடித்த நைட்டி, அதன் மேல் ஒரு நீல டப்பா. சாய்குமார் எட்டிப் பார்த்து, "சோப்பு டப்பா" என்றான்.

"சோப்பு டப்பாவுக்கு மூடியில பல் படம் எதுக்குப்பா?"

சாய்குமாரின் முகம் வெளுத்தது. அந்தப் பெண் வெயிலுக்குத் துப்பட்டாவை முகத்தில் சுற்றியிருந்ததாகச் சொன்னான். சுற்றாத பெண் இந்த ஊரில் யார்? சுஷ்மாவின் நம்பரைச் சரியாகச் சொன்னாள், பையைச் சரியாகத் திறந்தாள். அவன் படம் எடுத்தான், அவள் போனாள்.

சாருலதா படத்தைப் பெரிதாக்கினாள். பையின் வாய் ஓரம் மடங்கி, சிவப்பு எழுத்து பாதி தெரிந்தது.

"ஏதோ ஜிலேபி எழுத்து. கல்யாணப் பை மாதிரி இருக்கு மேடம்."

"ஜிலேபி இல்லடா, உன் தாய்மொழி. 'சங்கர் – ப்ரியா'. கீழே 'லோத்குண்டா'. தாம்பூலப் பை." தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கல்யாணத்தில் கொடுக்கிற பை. ஜோடிக்குப் பேரன் பிறந்த பிறகும் அதில் கத்தரிக்காய் வாங்குவார்கள். அதைத் தூக்கி எறிகிற தமிழ்க் குடும்பம் இன்னும் பிறக்கவில்லை. "பழனிசாமி வீட்டுக் கல்யாணப் பையெல்லாம் வெல்வெட்டுல இருக்கும். சுஷ்மா நிஜாமாபாத்துக்காரி. அப்போ இந்தப் பையை அந்த வீட்டுல விட்டுட்டுப் போன தமிழ்க்காரி யாரு?"

சாய்குமார் தயங்கிக்கொண்டே காவல் அறைச் சுவரைக் காட்டினான். அங்கே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. முப்பது வயதுப் பெண் ஒருத்தியின் படம். கீழே இங்கிலீஷில், 'திருடி. உள்ளே விடாதீர்கள்.' பெயர் பாமா. வில்லா 41-இல் எட்டு மாதம் சமையல் செய்தவள். துரத்தி மூன்று வாரம் ஆகிறது.

இந்தச் சுவரில்தான் முகம் வேண்டியிருந்தது அவர்களுக்கு.

சாருலதா பழனிசாமிக்குப் போன் போட்டாள். "பாமா என்ன திருடினா சார்?"

"அது வந்துங்க… என்னமோ பாத்திரம்… இல்லீங்க, வெள்ளிக் குத்துவெளக்கு. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

போனை வைத்தாள். செல்வா புருவத்தைத் தூக்கினான். "பாத்திரமா, குத்துவிளக்கா? திருட்டுக் குடுத்தவருக்கே தெரியலையா?"

"தெரியல. அதான் வேடிக்கை. வண்டியை எடு, உன் பேட்டைக்குத்தான் போறோம்."

*

லோத்குண்டாவில் சங்கரைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கல்யாண மண்டபத்து மேனேஜருக்கு மாப்பிள்ளையை நினைவிருந்தது. ஏ.சி. மெக்கானிக், ராணுவ நிலத்து மதில் ஓரச் சந்தில் மாடி வீடு, அக்கா பாமாவும் கூடவே இருக்கிறாள்.

கதவைத் திறந்தது பூர்ணாவேதான். தொளதொளவென்ற நைட்டி, கையில் தயிர்சாதத் தட்டு.

"அப்பா அனுப்பிச்சாரா? நான் வரமாட்டேன் ஆன்ட்டி. போலீஸைக் கூப்பிட்டுக்கோங்க, எனக்கு ஓகே."

"உங்கப்பாவுக்குத்தான் போலீஸ்னா ஓகே இல்ல," என்றாள் சாருலதா. "ஏன்னு கேக்கத்தான் வந்தேன்."

உள்ளே இருந்து பாமா வந்தாள். சுவரில் ஒட்டியிருந்த படத்தைவிட இளைத்திருந்தாள். பயப்படவில்லை. பாயை விரித்துப் போட்டு, உட்காருங்க என்றாள். பிறகு, நூறு பேரிடம் சொல்லி நூறு முறையும் நம்பப்படாத கதையை நூற்றி ஒன்றாவது முறையாகச் சொன்னாள்.

ஷாமீர்பேட்டைக்கு அப்பால் பழனிசாமி எட்டு ஏக்கரில் மனை போட்டபோது, கல் நடும் வேலைக்குப் போனவர்களில் பாமாவும் ஒருத்தி. கூடவே மூன்று வயது மகன் சீனு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் போர் வண்டி வந்து துளை போட்டது. வெள்ளைக் கல்மாவு எட்டு ஏக்கருக்கும் பறந்தது. ஆயிரம் அடி போயும் தண்ணீர் இல்லை. பெயில் ஆன போர் என்றால், மண் சரியாமலிருக்க இறக்கிய கேசிங் பைப்பை அடுத்த இடத்துக்கு ஆகட்டும் என்று உருவிக்கொண்டு போவது அந்தத் தொழிலில் வழக்கம். பைப்பை உருவினால் மேல் மண் சரிந்து குழியின் வாய் அகலமாகும். மூட வேண்டியது வண்டிக்காரன் பொறுப்பு.

"மத்தியானம் கஞ்சி குடிச்சுட்டு வெளாடப் போனான். நாங்க தள்ளிக் கெழக்கால கல்லு நட்டுக்கிட்டிருந்தோம். மூணு மணிக்குத் தேடுறேன், இல்ல. ஊருக்குள்ள தேடு, ஏரியில தேடுன்னு மேஸ்திரி எங்க எல்லாரையும் தொரத்துனாரு. பொழுது சாயத் திரும்பி வரோம், போர் வண்டி இல்ல, டோசர் ஓடி எட்டு ஏக்கரும் செம்மண்ணு பரப்பிக் கெடக்குது. வெள்ள மாவு ஒரு பொட்டு இல்ல. இங்க போர் வண்டியே வரலன்னு போலீசுல எழுதிக் குடுத்துட்டாரு இந்தப் பொண்ணோட அப்பா. நா எந்த மண்ண நோண்டுவேன்?"

வழக்கு 'காணவில்லை' என்று பதிவானதோடு சரி.

"அப்புறம் அவர் வீட்டுக்கே சமையலுக்கு ஏன் போனீங்க?"

"ஒரு நா இல்லன்னா ஒரு நா வாய் தவறிச் சொல்லுவாருன்னு. கல்லு நட்டவ மூஞ்சி அவருக்கு ஞாபகமே இல்ல. எட்டு மாசம் சோறு போட்டேன். நல்லா ருசியாத்தான் போட்டேன்." பாமாவின் குரல் ஏறவே இல்லை. "வெஷம் வெக்க ரொம்ப நேரம் ஆவாது. வெச்சா எம் புள்ள இருக்குற எடத்த யாரு சொல்லுவா?"

"இவங்க என்கிட்ட ஒருநாள் சொன்னாங்க," என்றாள் பூர்ணா. "நான் டின்னர்ல அப்பாகிட்ட கேட்டேன் ஆன்ட்டி, நம்ம லேஅவுட்ல ஒரு பையன் மிஸ் ஆனானாமேன்னு. அவ்ளோதான் கேட்டேன். தட்டைத் தூக்கி அடிச்சுட்டு, என்னைக் கன்னத்துல அறைஞ்சாரு. அதுவரைக்கும் என்னை அடிச்சதே இல்ல. அடுத்த நாள் இவங்க திருடி ஆயிட்டாங்க." தட்டைக் கீழே வைத்தாள். "அதான் வந்துட்டேன். அவரும் ரெண்டு நாள் தேடட்டும். தேடறதுன்னா எப்படி இருக்கும்னு தெரியட்டும்."

இந்தப் பெண்ணைச் சாருலதாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் கணக்கில் ஒரு குறை இருந்தது. தேடுவதோடு விட்டால் பழனிசாமிக்கு இரண்டு நாள் தூக்கம் போகும். மூன்றாம் நாள் மகள் கிடைத்துவிடுவாள், கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுவார். சீனு மண்ணுக்கு அடியிலேயே கிடப்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனிடம் போய்ப் பூசணிக்காய் எங்கே என்று கேட்டால் சொல்லுவானா? அவன் கையாலேயே சோற்றைக் கிளற வைக்க வேண்டும்.

"பூர்ணா, அந்த எட்டு ஏக்கர்ல போர் போட்ட இடம் உங்கப்பாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்குமா?"

பூர்ணா கசப்பாகச் சிரித்தாள். "போட்ட ஒவ்வொரு போரும் தெரியும் ஆன்ட்டி. வீட்டுக்கு யார் வந்தாலும் அதே பெருமைதான். மூலைக்கல்லுல இருந்து எத்தனை எட்டுன்னு எண்ணி வெச்சுக்குவாராம். கண்ணைக் கட்டி விட்டாலும் போய் நிப்பேன்னு சொல்லுவாரு."

சாருலதா எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "கண்ணைக் கட்டிடுவோம்."

"மேடம்," என்றான் செல்வா மெதுவாக, "கிளையண்ட்டையே பிடிச்சுக் குடுத்தா ரிவ்யூல ஒரு ஸ்டார்தான் போடுவார்."

"ஜெயில்ல போன் குடுக்க மாட்டாங்கடா. உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சே ஆகணும். நீ நம்ம இன்ஸ்பெக்டர் ராகேஷைப் பிடி. ஷாமீர்பேட்டைப் பக்கம் மாற்றலாகிப் போயிருக்கார். சீனு ஃபைல் அவர் மேஜையிலதான் தூங்கிட்டிருக்கும். நாலு மணிக்கு லேஅவுட்டுக்கு வரச் சொல்லு, யூனிஃபார்ம் இல்லாம."

*

மனைப் பிரிவு இன்னும் விலை போகவில்லை. எட்டு ஏக்கரில் முள்ளும் புல்லும் மண்டி, இடையிடையே மஞ்சள் பூசிய கற்கள் ஒன்றைப் போல் ஒன்று நின்றன. கட்டி முடிக்காத சைட் ஆபீஸ் சுவருக்குப் பின்னால் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ராகேஷ் கர்ச்சீப்பை விரித்து அதன் மேல் உட்கார்ந்தார்.

பாமா தம்பியின் போனிலிருந்து பேசினாள். சாருலதா சொல்லிக் கொடுத்தது இரண்டே வாக்கியம்.

"ஐயா, நா பாமா. உங்க பொண்ண எம் புள்ள பக்கத்துல படுக்க வெச்சிருக்கேன், இன்னும் மூச்சு இருக்குது."

வைத்துவிட்டாள். இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. மனை என்றோ, மண் என்றோ, குழி என்றோ ஒரு சொல்கூட இல்லை.

ஒரு நிமிஷம் ஆவதற்குள் சாருலதாவின் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அம்மிணி, நீங்க இனித் தேட வேண்டாமுங்க. நாம்பளே பாத்துக்கறேன்."

"ஏன் சார்? பொண்ணு எங்கன்னு தெரிஞ்சுடுச்சா?"

"அதெல்லாம் எதுக்குங்க? வேண்டாம்னா வுட்டுருங்க!"

போன் செத்தது. ராகேஷ் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றும் அறியாத மனிதனாக இருந்தால் பழனிசாமி கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எந்தப் பிள்ளை? எந்த இடம்? இரண்டையும் அவர் கேட்கவில்லை.

நாற்பது நிமிஷம் கழித்துப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கார் வந்தது. டிரைவரைக்கூடக் கூட்டி வரவில்லை. பழனிசாமி இறங்கி, நடு மைதானத்தில் நின்று நாலு திசையிலும் கத்தினார்.

"பூர்ணா! கண்ணு! பூர்ணா!"

கிழக்கே ஓடினார், திரும்பி வந்தார், மேற்கே ஓடினார். பாமா சாருலதாவின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அவருக்கும் தெரியலியோம்மா? மறந்துட்டாரோ?"

சாருலதாவுக்கும் அந்தப் பயம்தான். இரண்டு வருஷத்தில் முள் வளர்ந்துவிட்டது, மண் இறங்கிவிட்டது. இன்று தவறினால் இந்த மனிதன் இனி ஒருநாளும் இங்கே காலை வைக்க மாட்டான். வைக்காவிட்டால் சீனுவும் இல்லை. செல்வா போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

பழனிசாமி கத்துவதை நிறுத்தினார். காருக்குப் போய் ஜாக்கிக் கம்பியை எடுத்தார். பிறகு அவருடைய நடை மாறியது. இருபது வருஷத் தொழில் காலுக்குள் இறங்கியதுபோல, நேராக ஈசானிய மூலைக் கல்லுக்குப் போனார். அதற்கு முதுகைக் காட்டி நின்றார். உதடு அசைந்தது. எண்ணி எண்ணி எட்டு வைத்தார். இடது பக்கம் திரும்பினார். மறுபடி எண்ணினார். மற்ற இடங்களைப் போலவேதான் அங்கேயும் புல் முளைத்திருந்தது, வித்தியாசம் ஒன்றும் இல்லை. அங்கே மண்டியிட்டுக் கம்பியால் மண்ணைக் குத்தத் தொடங்கினார்.

"சாமி! அப்பன் வந்துட்டன் சாமி!"

கம்பி போதவில்லை. கம்பியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தோண்டினார். விரல் மோதிரங்களில் செம்மண் அப்பியது. அரையடி தோண்டியதும் அடியிலிருந்து வெள்ளை மாவு வந்தது. சைட் ஆபீஸ் சுவரிலிருந்தே தெரிகிற வெள்ளை.

பாமா அதைப் பார்த்தாள். எழுந்து நடந்தாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

"அப்பா," என்றாள் பூர்ணா.

பழனிசாமி திரும்பினார். மகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்தச் சந்தோஷம் நிஜம், அதில் சாருலதாவுக்குச் சந்தேகமே இல்லை. பெற்ற மனம் பட்ட பாடு அந்த முகத்தில் இருந்தது. தனக்கு இரக்கம் வருகிறதா என்று அவள் ஒரு கணம் காத்துப் பார்த்தாள். வரவில்லை.

"கண்ணு… உனக்கு ஒண்ணுமில்லியே?"

அப்புறம்தான் அவர் பாமாவைக் கவனித்தார். பக்கத்தில் நின்ற புது ஆளைக் கவனித்தார். கடைசியாகத் தன் முழங்காலுக்கு நடுவில் இருந்த குழியைப் பார்த்தார்.

"எட்டு ஏக்கர் சார்," என்றாள் சாருலதா. "போர் வண்டியே வராத நிலம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. நேரா இங்க எப்படி வந்தீங்க?"

"நான்… சும்மா… இந்தப் பொம்பளதானுங்க இங்க வரச் சொன்னா…"

"அவங்க இடமே சொல்லல. ரெக்கார்ட் ஆகியிருக்கு. போட்டுக் காட்டட்டுமா?"

ராகேஷ் போனில் தன் ஆட்களையும் தோண்டுகிற இயந்திரத்தையும் வரச் சொல்லிக்கொண்டிருந்தார். பழனிசாமி எழுந்திருக்கப் பார்த்தார். தரையில் கையை ஊன்றினார்.

பாமா அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். கீழே கிடந்த கம்பியை எடுத்தாள். ராகேஷ் ஒரு எட்டு முன்னால் வந்தார், சாருலதா கையை நீட்டி அவரை நிறுத்தினாள். பாமா அந்தக் கம்பியைப் பழனிசாமியின் கையிலேயே திரும்ப வைத்து, அவர் விரல்களை அதன் மேல் மடக்கினாள்.

"உங்க பொண்ணு மேல நிக்குது பாருங்க ஐயா. எம் புள்ள இன்னும் கீழதான் இருக்கான். எந்திரிக்காதீங்க. தோண்டுங்க."

பழனிசாமி மகளை நிமிர்ந்து பார்த்தார். பூர்ணா அப்பாவைச் சுற்றிக்கொண்டு போய், பாமாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குழியைப் பார்த்தாள்.